இளநீல ரிப்பனும் கீழூர் வாக்கும்

பிரெஞ்சுப் படையில் இருந்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கத்திலிருந்து இந்தோசீனாவில் போரிடப் போன சொல்தாக்கள் உண்டு. அந்தப் போர்க்களத்தில் துணிச்சல் காட்டியவர்களுக்குப் பிரான்ஸ் தந்த பதக்கம் 'குருவா த கேர்': வெண்கலச் சிலுவை, ஊடே இரண்டு வாள், ஓரம் சிவந்த இளநீல ரிப்பன். முதல் உலகப் போருக்குத் தந்த சிலுவையின் பின்புறம் ஆண்டு பொறித்திருக்கும். இதன் பின்புறத்தில் 'வெளிநாட்டுப் போர்க்களங்கள்' என்று மட்டுமே இருக்கும். யாரோடு போர் என்று அது சொல்லாது.

தம் நாட்டைத் தாமே ஆள எழுந்த வியட்நாமியரோடு நடந்த போர் அது. 1954 மே 7-இல் அங்கே தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல், வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள்; 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். இங்கே பிரான்ஸை வெளியேறச் சொன்ன அதே மண்ணின் பிள்ளைகள்தான் அங்கே பிரான்ஸுக்காகச் சுட்டார்கள். ஹிட்லரை எதிர்த்துப் பெற்ற பதக்கமென்றால் இந்தச் சங்கடமே எழாது.

அப்படியானால் இந்த வீரத்தை மதிக்கலாமா? மதிக்கத்தான் வேண்டும். குண்டு பாயும் இடத்தில் அடிபட்டுக் கிடக்கும் தோழனைத் தோளில் போட்டுத் தூக்கி வருகிறவன், அந்த நேரத்தில் எந்த ஆட்சிக்காகவும் உயிரைப் பணயம் வைக்கவில்லை. போரை முடிவு செய்தது பாரிஸ். சம்பளமும் பென்ஷனும் குடும்பத்தைக் கரையேற்றும் என்று நம்பிப் போனவன் தலையில் அந்தப் பழி முழுவதையும் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அவனுக்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. படையில் சேரக் கையெழுத்துப் போட்டவன் அவன். அவன் சுட்டு வீழ்த்தியவனுக்கும் ஒரு தாய் இருந்தாள்.

நடுகல் நட்ட நம் முன்னோர் இந்தச் சங்கடத்தை நேராகவே கையாண்டார்கள். ஆநிரை கவரப்போய் மாண்டவனுக்கும் கல் உண்டு, மீட்கப்போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த அரசன் ஆண்டில், எந்த ஊர்த் தொறுவுக்காக (ஆநிரைக்காக), யார் பட்டான் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். வீரனைப் போற்றிய கல்லிலேயே சண்டையின் காரணமும் நிற்கிறது.

பதக்கத்தில் அந்த வரி இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் பதக்கத்தைப் பெட்டியில் வைத்துக் காக்கும் வீட்டார்தான். தாத்தா யாரைக் காப்பாற்றினார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போதே, எதிரே நின்றவர்கள் என்ன கேட்டுப் போராடினார்கள் என்பதையும், அந்த வருஷம் கீழூரில் நம்மவர்களும் அதையேதான் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.