பழகிருச்சு

ஹிக்கரி வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளரும் மரம். கோடரிப் பிடிக்கும் சுத்தியல் பிடிக்கும் போவது. வில் செய்ய நீளமான கட்டைதான் வாங்கியிருக்க வேண்டும். தபால் செலவுக்குப் பயந்து மூன்றடித் துண்டு இரண்டு வரவழைத்தேன். ஒரே மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிளந்தவை. வில் செய்பவர்கள் இப்படிப்பட்ட ஜோடியைச் சகோதரித் துண்டுகள் என்பார்கள். முனைகளைப் பல் பல்லாக அறுத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பசையிட்டால் கைப்பிடியில் நாலங்குல இணைப்பு. மொத்தம் 68 அங்குலம். 28 அங்குலம் இழுக்க அது போதும்.

இணைப்புதான் விட்டுவிடும் என்று பயந்துகொண்டே இருந்தேன். அது அசையவே இல்லை. வளையாத இடத்துக்கு என்ன கஷ்டம்?

நாண் பூட்டிச் சுவரில் மாட்டி, கப்பிக் கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தேன். கீழ்ப்பாதியில் ஓரிடம் மட்டும் மடங்கியது. அங்கே அரம் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருக்கிறது. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. ஆகவே மெலிந்த இடத்தைத் தொடாமல், மற்ற இடங்களை எல்லாம் வயிற்றுப் பக்கமாகச் சுரண்டி அதன் அளவுக்கு மெலிய வைக்க வேண்டும். செய்யாவிட்டால் வளைகிற இடமே மேலும் வளையும். கெட்டியான இடங்கள் சும்மா இருக்கும், பார்க்கப் பலசாலி மாதிரி. ஹிக்கரியின் முதுகு இழுவையை நன்றாகத் தாங்கும், லேசில் முறியாது. அதற்குப் பதிலாக, நாணைக் கழற்றிய பிறகும் நிமிராமல் நின்றுவிடும். ஈரக்காற்றில் இன்னும் மோசம், நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம். குண்டு பல்ப் எரியும் பெட்டிக்குள் வைத்துத்தான் காயவைத்தேன்.

அம்மா விழுந்து ஏழு வருடமாகிறது. அன்றிலிருந்து அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். "அவளுக்குத்தான் பொறுமை இருக்கு" என்று வீட்டில் எல்லாரும் சொல்வோம். பாராட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

மரம் வேறு, மனுஷி வேறு என்று நீங்கள் சொல்லலாம். மரத்துக்கு வாயில்லை, அக்கா விரும்பித்தானே செய்கிறாள்? நானும் அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். போன தீபாவளிக்குக் கேட்டே விட்டேன். "எனக்கு என்னடா, பழகிருச்சு" என்றாள். முன்பாக இருந்தால் அந்தப் பதிலோடு நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். ஏழு வருடம் வளைந்து நின்றவள் சொல்லும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா? அந்தப் பதில் யாருடையது? அவளுடையதா, நாங்கள் விலகி நின்ற வருடங்களுடையதா?

மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அது நான் வளையாமல் கொடுக்கக்கூடியது.

45 பவுண்டு நினைத்து ஆரம்பித்த வில் 32-இல் வந்து நின்றது. கெட்டிப் பகுதிகளைச் சுரண்டியதில் போன பலம். கீழ்ப்பாதி இன்னும் ஓர் அங்குலம் நிமிரவில்லை, இனி நிமிராது. அம்பு போகிறது, பரவாயில்லை.

இந்த மாதத்திலிருந்து வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை அம்மா என் வீட்டில். முதல் ராத்திரி மூன்று தடவை எழுப்பினார். மூன்று தடவையும் அக்கா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.