அகக்காழும் ஒருநிறமும்: கருங்காலி மரத்தின் வரிகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், தாம் தேர்ந்தெடுக்காதவற்றுக்கும் பொறுப்பாளர் ஆவாரா என்பது அறவியல் சார்ந்த வினாக்களுள் ஒன்று. சந்தையில் குவிந்து கிடக்கும் காய்களுள் நல்லதைப் பொறுக்கி எடுப்பவர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அவர் விட்டதை அடுத்து வருபவர் எடுத்துக்கொள்வார். ஆனால் ஒன்றைப் பெறுவதற்காகப் பத்தையும் அழித்துப் பார்க்க வேண்டிய நிலை இருப்பின், எஞ்சிய ஒன்பதுக்கு யார் பொறுப்பு? கிதார் என்னும் இசைக்கருவியின் விரற்பலகைக்குப் பயன்படும் கருங்காலி மரம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. அம்மரத்தின் நிறவேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, அழகு பற்றிய அளவுகோலுக்கும் அறப்பொறுப்புக்கும் உள்ள உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரற்பலகையும் கருமையும்

கிதாரின் கழுத்துப் பகுதியின் மேல் ஒட்டப்படும் மெல்லிய மரப்பலகையே விரற்பலகை எனப்படுகிறது. உலோக மெட்டுகள் அதன்மீது பதிக்கப்படுகின்றன. நரம்புகளும் விரல்களும் இடையறாது உராய்வதால் அப்பலகை எளிதில் தேயாத திண்மையுடையதாக இருத்தல் வேண்டும். கருங்காலி இத்திண்மை உடையது. கருநாடக இசைமேடையில் நாம் நாளும் காணும் வயலினின் விரற்பலகையும் பெரும்பாலும் இம்மரத்தால் ஆனதே. வீணையின் நிலை வேறு. அதன் மெட்டுகளைத் தாங்கும் கரிய பகுதி, தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துச் செய்யப்படுவது. அங்குக் கருமை மனிதரால் ஆக்கப்படுகிறது. கிதாரிலும் வயலினிலும் கருமை மரத்திடம் எதிர்பார்க்கப்படுகிறது.

புணே நகரின் இசைக்கருவிக் கடையொன்றில் நுழைவோர் வரிசையாகத் தொங்கும் கிதார்களைக் காணலாம். அவற்றுள் விலை உயர்ந்தவை சிலவற்றின் விரற்பலகைகள் ஒரு கறையும் கோடும் இன்றிக் கரியவையாக இருக்கும். இவ்வொருமை இயல்பானது என்று பார்ப்பவர் எண்ணுவர். அதே நகரில் உள்ள ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் வேறொரு காட்சியைத் தருகிறது. தினகர் கங்காதர் கேள்கர், இளமையில் இறந்த தம் மகன் ராஜாவின் நினைவாக, விளக்கு, பாக்குவெட்டி, சீப்பு, இசைக்கருவி முதலான புழங்குபொருள்களைத் தம் வாழ்நாள் முழுதும் திரட்டினார். 1975ஆம் ஆண்டு அத்தொகுப்பு மகாராட்டிர அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கைவினைஞரின் கையிலிருந்து வந்த அப்பொருள்களில் வேறுபாடே இயல்பு, ஒருமை அரிது. பொருள்கள் யாவும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, பெருமளவு உற்பத்தியோடு வலுப்பெற்ற ஒன்று என்பதை இவ்விரு காட்சிகளையும் ஒப்பிட்டு உணரலாம்.

காழ் என்னும் சொல்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் பகுக்கும் முறை ஈண்டு நினைக்கத்தக்கது. புறத்தே காழ் உடையது புல் என்றும், அகத்தே காழ் உடையது மரம் என்றும் அது வகுக்கிறது. காழ் என்பது வயிரம் பாய்ந்த பகுதி. தென்னையும் பனையும் மூங்கிலும் தம் திண்மையைப் புறத்தே காட்டி நிற்பன. மரமோ தன் திண்மையை உள்ளே வைத்திருப்பது.

கருங்காலியின் சிறப்பும் சிக்கலும் இவ்வகக்காழில்தான் உள்ளன. அம்மரத்தின் வெளிப்பகுதியான வெண்மரம் வெளிறிய நிறமுடையது. உட்பகுதியான காழ் மட்டுமே கருமை கொள்வது. மர உயிரணுக்களிலும் நுண்குழாய்களிலும் கரிய பொருள்கள் படிவதால் அந்நிறம் தோன்றுகிறது. படிவு எங்கும் சீராக நிகழ்வதில்லை. ஒரு மரத்தின் காழ் முழுக்கருமையாக இருக்க, அருகில் நிற்கும் மரத்தின் காழில் பழுப்பும் சாம்பலும் வெண்மஞ்சளும் கலந்த வரிகள் ஓடும். பட்டையையோ இலையையோ பார்த்து இதனை அறிய இயலாது. மரத்தை வீழ்த்திய பின்னரே உள்நிறம் புலப்படும். அகத்தை அறிய வேண்டுமாயின் அழித்தாக வேண்டும் என்னும் இந்நிலையே நம் வினாவின் வேர்.

காமரூன் காட்டில் நிகழ்ந்தது

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெய்லர் கிதார் நிறுவனமும் ஸ்பெயின் நாட்டின் மதின்டெர் நிறுவனமும் இணைந்து, மேற்கு மத்திய ஆப்பிரிக்காவிலுள்ள காமரூனின் தலைநகர் யாவுண்டேயில் கிரெலிகாம் என்னும் கருங்காலி அறுவை ஆலையை வாங்கின. அங்கு அறுக்கப்படுவது டயோஸ்பைரோஸ் கிராசிஃப்ளோரா என்னும் இனம். டெய்லர் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான பாப் டெய்லர், மரம் வெட்டுவோரிடம் கேட்டறிந்த செய்தியைப் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். ஏறத்தாழப் பத்து மரங்களை வெட்டினால் ஒன்றுதான் முழுக்கருமையாக அமையும் என்பதும், வரியுடைய மற்றவை விலைபோகாமையால் வீழ்த்திய இடத்திலேயே மட்கவிடப்பட்டன என்பதும் அச்செய்தி. அதன்பின் வரியுடைய மரத்தையும் தம் கருவிகளில் பயன்படுத்தப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2014ஆம் ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை இம்முயற்சிக்காக அந்நிறுவனத்துக்கு விருது வழங்கியது.

வரியோடிய மரம் வலிமையிலோ ஒலியிலோ குறைந்ததன்று என்பது இம்முயற்சியில் ஈடுபட்ட கருவி செய்வோரின் கூற்று. அவ்வாறாயின், மண்ணில் மட்கிய மரங்கள் பயனின்மையால் கைவிடப்பட்டவை அல்ல, தோற்றத்தால் கைவிடப்பட்டவை. ஒரு தலைமுறைக்கு மேல் நின்று வளர்ந்த மரத்தின் வாழ்வை ஒரு கோடு பயனற்றதாக்கிவிடுகிறது.

தமிழில் கருங்காலி என்னும் சொல் தன் கூட்டத்தையே காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கவும் வழங்குகிறது. வேலைநிறுத்தத்தை முறிப்பவனை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லும் கரிய கால் என்றே பொருள்படும். மக்கள் வழக்கு இதற்கு வேறொரு விளக்கம் தருகிறது. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டத் துணைநின்ற மரம் என்பது அவ்விளக்கம். இது சொல்வரலாறாக நிலைபெறுமா என்பது வேறு ஆய்வு. ஆயினும் காமரூன் காட்டின் நிலைக்கு இவ்விளக்கம் பொருந்தக் காண்கிறோம். முழுக்கருமையுடைய ஒரு மரத்தின் பொருட்டு ஒன்பது மரங்கள் வீழ்கின்றன. பழியோ அம்மரத்தினுடையதன்று, அதனை மட்டும் மரமென மதித்த அளவுகோலினுடையது.

சுவையுரிமையும் சாயமும்

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கருமையை விரும்புவது ஒருவரது சுவை. சுவையில் அறத்துக்கு இடமில்லை என்பது அம்மறுப்பு. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒருவர் கரிய பலகையை விரும்புவது தீதன்று. ஆனால் சுவை நிறைவேறும் வழியை நோக்கும்போது நிலை மாறுகிறது. ஒரு விருப்பம் பிறிதொன்றை வீணாக்காமல் நிறைவேறுமாயின் அது விருப்பம் மட்டுமே. வீணாக்கினால்தான் நிறைவேறும் எனில், அவ்வீணும் அவ்விருப்பத்தின் ஒரு பகுதி. வாங்குபவர் ஒரு பலகைக்கு விலை கொடுக்கிறார். அவ்விலைப்பட்டியலில் ஒன்பது மரங்கள் எழுதப்படவில்லை என்பதால் அவை இல்லாமற் போய்விடுவதில்லை.

சாயமேற்றுதல் இதற்கு ஒரு தீர்வாகக் கூறப்படுகிறது. வரியோடிய மரத்தையும் வேறு மரங்களையும் கருஞ்சாயம் ஊட்டிக் கருங்காலிபோல் ஆக்கும் வழக்கம் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக உள்ளது. இவ்வாறு செய்தால் மரம் வீணாவதில்லை, சுவையும் நிறைவேறுகிறது. சாயம் என்று சொல்லி விற்பதில் குற்றமும் இல்லை. சொல்லாது விற்கும்போது மட்டும் அது பொய்யாகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழகத்தில் கருங்காலி மாலை அணியும் வழக்கம் பரவியதும், சாயமேற்றிய மணிகள் கருங்காலி என்ற பெயரில் விற்கப்படுவது பற்றிய எச்சரிக்கைகளும் எழுந்தன. சாயம் மரத்தைக் காக்கலாம், அளவுகோலைத் திருத்துவதில்லை. முழுக்கருமையே உயர்ந்தது என்னும் எண்ணத்தை அது மேலும் உறுதிப்படுத்துகிறது.

இவ்விடத்தில் ஒரு முரண் கருதத்தக்கது. மனிதரின் தோலில் கருமையைத் தாழ்வாக எண்ணும் சமூகமே மரத்தின் காழில் கருமையை உயர்வாக எண்ணுகிறது. எனவே உண்மையில் விரும்பப்படுவது ஒரு நிறம் அன்று. எளிதில் கிடைக்காமையும் கலப்பின்மையுமே விரும்பப்படுகின்றன. தூய்மை என்னும் சொல்லால் அவ்விருப்பம் தன்னை மறைத்துக்கொள்கிறது.

வரியை விரும்பினால் போதுமா?

அவ்வாறாயின் வரியையும் அழகெனக் கொள்வதே தீர்வு எனத் தோன்றும். வரலாறு இம்முடிவை ஏற்க மறுக்கிறது. இலங்கையில் வளரும் கலமாண்டர் என்னும் மரம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்ததே. டயோஸ்பைரோஸ் குவேசிட்டா என்பது அதன் அறிவியற்பெயர். பழுப்பு நிறத்தில் கரிய வரிகள் ஓடும் அதன் காழ், வரிகளுக்காகவே ஐரோப்பியரால் விரும்பப்பட்டது. அதிலிருந்து உயர்ந்த மரச்சாமான்கள் செய்யப்பட்டன. அவ்விருப்பத்தின் விளைவாக வணிகத்துக்குக் கிடைக்காத அளவு அம்மரம் அருகிப்போயிற்று. கருமையை விரும்பியபோது கருங்காலி வீழ்ந்தது. வரியை விரும்பியபோது கலமாண்டர் வீழ்ந்தது. வேறுபாட்டைப் போற்றுவது தன்னளவில் அறமாகிவிடாது என்பதற்கு இது போதிய சான்று. வரம்பில்லாத வேட்கைக்கு வேறுபாடும் மற்றொரு சரக்கே.

சட்டமும் இவ்வினாவை முழுமையாகத் தீர்ப்பதில்லை. மடகாஸ்கர் நாட்டுக் கருங்காலியை இறக்குமதி செய்தது தொடர்பாக, அமெரிக்காவின் கிப்சன் கிதார் நிறுவனம் 2012ஆம் ஆண்டு அந்நாட்டு நீதித்துறையோடு உடன்பாடு செய்து 3,00,000 டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. மரம் எங்கிருந்து, எவ்விதியின்கீழ் வந்தது எனச் சட்டம் கேட்கிறது. அம்மரத்தோடு வீழ்த்தப்பட்டுக் காட்டிலேயே விடப்பட்டவை எத்தனை எனக் கேட்பது அதன் எல்லைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. அவ்வினாவை எழுப்புவது அறத்தின் கடன்.

மகாராட்டிரத்திலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பீடி சுற்றப் பயன்படும் தெந்து இலையைத் தரும் டயோஸ்பைரோஸ் மெலனோசைலான் இம்மாநிலத்தின் விதர்ப்பக் காடுகளில் மிகுதி. மராத்தியில் இதனைத் தெம்புர்ணி என்பர். புணேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் அப்பெயரிலேயே ஓர் ஊரும் உள்ளது. இதுவும் கருங்காலி இனமே. இதன் காழும் பெரும்பாலும் வரியோடியது. ஆனால் ஆண்டுதோறும் கோடையில் காட்டுவாழ் மக்கள் இதன் இலையைப் பறித்து வருவாய் ஈட்டுகின்றனர். இலைக்கு மதிப்பு உள்ளவரை மரம் நிற்பது நலம். காழுக்கு மட்டும் மதிப்பு இருப்பின் மரம் வீழ்வதே ஆதாயம். பீடியின் தீங்கு வேறு. மதிப்பை எங்கு வைக்கிறோமோ அதற்கேற்ப மரம் நிற்பதும் வீழ்வதும் அமைகின்றன என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

வெட்டியதற்கெல்லாம் பொறுப்பு

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு கொள்கையை வகுக்கலாம். அழித்தே அறிய வேண்டிய பொருளில், தேர்வு என்பது கடையில் நிகழ்வதன்று. கோடரி விழும் கணத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. எனவே வெட்டிய அனைத்தையும் பயன்கொள்ளுதல் முதற்கடமை. வெட்டும் எண்ணிக்கைக்கு வரம்பு வகுத்தல் இரண்டாம் கடமை. முதலாவது மட்டும் இருந்தால், வீணாகாத மரம் மேலும் வெட்டுவதற்குச் சாக்காகிவிடும். வரியுள்ள மரமும் விலைபோகும் எனின் வெட்டுவோர்க்கு ஆதாயம் பெருகும். ஆதாயம் பெருகின் வேட்கையும் பெருகும்.

மூன்றாவது கடமை நடுதல். 2016 முதல், காமரூனிலுள்ள காங்கோ வடிநில ஆய்வு நிறுவனத்தின் வழியாக டெய்லர் நிறுவனத்தின் நிதியுதவியோடு கருங்காலிக் கன்றுகள் கிராமத்தவரால் நடப்பட்டு வருகின்றன. உடன் பழமரங்களும் நடப்படுகின்றன. கருங்காலி முதிர ஒரு மனித ஆயுளுக்கும் மேற்பட்ட காலம் ஆகும் என்பதால், நடுபவர் அதன் காழைக் காணப்போவதில்லை. பழமரம் அவர்க்கு உரிய பயனைத் தருகிறது. மேலும் காட்டில் கருங்காலியின் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் உயிர்களுள் யானை முதன்மையானது. யானை அருகினால் மரமும் அருகும். ஒரு விரற்பலகையின் பின்னால் யானையும் உழவரும் இன்னும் பிறவாத கலைஞரும் நிற்கின்றனர்.

முடிவுரை

அகக்காழ் உடையது மரம் என்னும் மரபியல் வரையறையில் காழின் நிறம் பேசப்படவில்லை. காழ் உண்மையே மரத்தை மரமாக்குகிறது. கரியதாயினும் வரியதாயினும் அது மரமே. ஒருநிறத்தை மட்டும் மரமெனக் கொண்ட வணிக அளவுகோல் மற்றவற்றைக் கணக்கிலிருந்தே நீக்கியது. கணக்கில் இல்லாததற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. ஆகவே வரியோடிய விரற்பலகையின் அறமதிப்பு அதன் அழகில் இல்லை. நீக்கப்பட்டவற்றை மீண்டும் கணக்கில் சேர்ப்பதில் உள்ளது. புணேயிலோ சென்னையிலோ கருவி வாங்குபவர் நிறத்தைப் பார்ப்பதோடு, அம்மரம் எங்கு வளர்ந்தது, அதனோடு எத்தனை வீழ்ந்தன, அவ்விடத்தில் எது நடப்பட்டது என வினவத் தொடங்குவாராயின், சுவை அறத்தோடு பொருந்தும். அவ்வினாக்களுக்கு விடை தர இயலாத பலகை எவ்வளவு கரியதாயினும் தூயது எனக் கூற இயலாது.