49ஆவது மணி

கை முறிந்தால் ஊருக்கே தெரியும். மாவுக்கட்டைப் பார்த்துப் பேருந்தில் இடம் கொடுப்பார்கள். மண்டையோட்டில் விரிசல் விட்டால் கட்டுப் போட வழியில்லை. தையலைப் பிரித்துவிடுவார்கள், முடி வளர்ந்து மூடிவிடும். உள்ளே எலும்பு கூட மாதக்கணக்காகும். பெரியவர்களுக்கு அந்தக் கோடு எக்ஸ்ரேயில் அதற்குப் பிறகும் தெரியலாம். சாதாரண விரிசல் பெரும்பாலும் அறுவை இல்லாமலே ஆறிவிடும். ஆனால் எலும்புக்குக் கீழே மூளையில் பட்ட அடி தலைவலியாக, மறதியாக, காரணமில்லாத கோபமாக, சிலருக்கு வாசனையே தெரியாமல் போவதாகத் தங்கிவிடுகிறது. இதெல்லாம் வெளியே தெரியாது.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலர் ஓட்ட வேண்டியிருக்கிற எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தலைக்காயம் அறியாத தெரு குறைவு. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிர் காக்கும் திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் அரசு மருத்துவமனையில் பணம் கேட்பதில்லை. ஆள் கேட்கிறார்கள். “கூட யாரு இருக்கீங்க?”

அம்மாவோ மனைவியோ அக்காவோ முன்னால் வருகிறாள். வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வதெல்லாம் அவளிடம்தான். வாந்தி எடுக்கிறாரா, எழுப்பினால் எழுகிறாரா, வலிப்பு வருகிறதா, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுகிறதா, பார்த்துக்கொண்டே இரு. மூளை வீங்கினால் மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்து, அதை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைப்பதும் உண்டு. வீக்கம் வடிந்து, வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை எலும்பில்லாத அந்த இடத்தில் எதுவும் இடிக்காமல், அந்தப் பக்கம் புரண்டு படுக்காமல், இரவெல்லாம் விழித்துப் பார்ப்பது அவள்.

இதைப் பாசம் என்கிறோம். பாசமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை வைத்தபின் கூலி, விடுப்பு, மாற்று ஆள் என்று வாயெடுக்கவே அவளுக்குக் கூசுகிறது. 2023இல் வந்த மாதம் 1000 ரூபாய்க்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். ஒரு இரவு தூங்கும் உரிமையையும் அதில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று யோசிக்கிறேன்.

அடிபட்டது அவளுக்கே என்றால்? காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஒருவர், வீடு திரும்பிய பத்தாம் நாள் கூடையோடு உட்கார்ந்துவிட்டார். “தையலு பிரிச்சாச்சு மேடம், இன்னும் எத்தினி நாளு படுத்துனு இருக்கறது?” அவருக்கு இப்போது வாசனை தெரியவில்லை. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்தும், விரலால் அழுத்தியும் மீன் எடுக்கிறார். வீட்டில் குழம்பு ருசியில்லை என்று சண்டை. ஏலம் விடிவதற்கு முன்பே. விற்று முடிக்க மதியமாகிவிடும். ஓ.பி. நேரம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

அடிபட்ட விதம் ‘வழுக்கி விழுந்தது’ என்று சீட்டில் இருக்கிறது. அப்படியே இருக்கலாம். அந்த வாக்கியத்தை வெவ்வேறு பெண்களின் சீட்டுகளில் படித்திருக்கிறேன். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவச் செலவை அடித்தவரிடமிருந்து கேட்கலாம். அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையும் உண்டு. வசிக்கலாம், சரி. தலை ஆறும்வரை அங்கே படுத்திருக்க முடியுமா?

அவருடைய ஸ்கேன் தேதி தாண்டி மூன்று வாரமாகிறது. மகள் என் வகுப்பில் படிக்கிறாள். திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை, லீவு போட முடியாது. இவளுக்கோ 75 சதவீத வருகைக்கு இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம். அன்றைக்குப் பதிவேட்டில் நான் என்ன போடுவது?