தோற்றவனின் பெயர்

1918 ஒக்டோபரில் நியூயோர்க் சுற்றுப்போட்டியில் கியூபாவின் கபபிளாங்காவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடினார் அமெரிக்கரான பிராங்க் மார்ஷல். ரூய் லோபஸ் ஆரம்பத்தின் எட்டாவது நகர்த்தலில் ஒரு காலாளைப் பலிகொடுத்து, முன்கூட்டியே ஆராய்ந்து வைத்திருந்த தாக்குதலைத் தொடுத்தார். அபாயம் புரிந்தும், ஒதுங்குவது கௌரவத்துக்கு இழுக்கெனக் கருதிய கபபிளாங்கா அதனை ஏற்றார். 36 நகர்த்தல்களில் வென்றார்.

ஆயினும் அத்தாக்குதல் இன்றும் மார்ஷலின் பெயரையே சுமக்கிறது. பிற்பாடு பதினோராவது நகர்த்தலில் குதிரைக்குப் பதிலாகக் காலாளை நகர்த்தினார்கள். தோற்ற யோசனை எழுந்து நின்றது. கஸ்பரோவ்கூட அதனை எதிர்கொள்ளாது தவிர்த்து வந்தார்.

பின்னர் வென்றதால்தான் அது சரியா? அப்படிச் சொன்னால் நாம் மீண்டும் முடிவுக்கே தலைவணங்குகிறோம். வெள்ளையின் காய்கள் முழுதாக வெளிவரவில்லை, அரசனுக்குக் காவல் குறைவு என்ற மார்ஷலின் நியாயம், அவர் தோற்ற அன்றும் உண்மையாகவே இருந்தது. எல்லாத் தோல்விக்கும் இந்த மதிப்பு இல்லை. நியாயமுள்ள தோல்விக்கே உண்டு.

வழி சரியாக, விடை பிழையாகக் கணக்குச் செய்த பிள்ளைக்கு நான் வழிக்குப் புள்ளியிடுகிறேன். அது இரக்கமல்ல, நீதி. பிழைத்த ஒரு வரிக்காக முழுப் பக்கத்தையும் வெட்டிவிடுவதுதான் அநீதி.