நாணம் எங்கே குடியிருக்கிறது?

ஜெர்மனியின் வடபுறத்தே, பால்டிக் கடலோரமாக, ப்ரெரோ, ஆரன்ஸ்ஹூப் முதலிய ஊர்களையொட்டி வெண்மணற்கரை நீண்டு கிடக்கிறது. கோடை விடுமுறையில் தந்தை, தாய், பிள்ளைகள், சில வேளை பாட்டனும் பாட்டியுமாகக் குடும்பங்கள் அங்கே வந்து இறங்குகின்றன. கூடையில் ரொட்டியும் பழமும். பிள்ளைகள் கையில் பந்தும் மண் அள்ளும் வாளியும். இதுவரை எந்த நாட்டுக் கடற்கரையிலும் காணும் காட்சிதான். ஆனால் அக்கரையின் ஒரு பகுதியில் 'எஃப்.கே.கே.' என்று மூன்றெழுத்துப் பலகை ஒன்று நிற்கிறது. 'சுதந்திர உடற் பண்பாடு' என்பது அதன் பொருள். அதனைக் கடந்ததும் குடும்பத்தினர் உடைகளைக் களைந்து மடித்து வைத்துவிட்டு, ஏதும் நிகழாதது போலவே ரொட்டியைப் பங்கிடத் தொடங்குகிறார்கள்.

'அஸ்தஃபிருல்லாஹ்' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவது எளிது. அவ்வாறு சொல்வோரை நாம் குறை கூற மாட்டோம். எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே கூடியிருப்போர் களியாட்டக்காரர் அல்லர். பள்ளி ஆசிரியர், அலுவலகக் கணக்கர், ஆலைத் தொழிலாளர். மது மயக்கமோ கூச்சலோ அங்கு இல்லை. இவர்கள் செய்வது தகாது என்று நாம் கூறுவோமாயின், எதனால் தகாது என்பதையும் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். கூற இயலாவிடில், நம்முடைய நாணமும் வெறும் பழக்கமாகவே எண்ணப்படும்.

இவ்வழக்கம் பிறந்த கதையைச் சிறிது அறிந்துகொள்வது நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆலைப் புகை மண்டிய ஜெர்மன் நகரங்களிலே, இயற்கையோடு இயைந்த வாழ்வுக்குத் திரும்புவோம் என்றோர் இயக்கம் எழுந்தது. வெயில் நுழையாத அடுக்குக் குடியிருப்புகளில் பிள்ளைகள் கணைச்சூட்டினால் எலும்பு வளைந்து கிடந்த காலம் அது. புற ஊதாக் கதிர் அந்நோயைக் குணமாக்கும் என்று 1919இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி மெய்ப்பித்துக் காட்டினார். 1920களில் அடால்ஃப் கோஹ் என்னும் ஆசிரியர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆடையற்ற உடற்பயிற்சி கற்பித்தார். (எலும்புக்கு வேண்டிய வெயிலைக் கையும் காலும் முதுகுமே பெற்றுத் தந்துவிடும் என்பது நம் கருத்து.) 1933இல் நாஜி ஆட்சி இச்சங்கங்களைத் தடுத்தது. பின்னர் கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை அரசும் 1954இல் தடுக்க முயன்று, மக்களின் எதிர்ப்பைக் கண்டு, 1956இல் குறிப்பிட்ட கரைகளில் அனுமதி அளித்தது. பேசவும் எழுதவும் எல்லை கடக்கவும் உரிமையற்றிருந்த அம்மக்கள், இந்த ஒன்றையாவது தமது உரிமையென்று பற்றிக்கொண்டனர். இதனைப் புரிந்துகொள்ளாமல் அவர்களை எடைபோடுவது நீதியாகாது.

அவர்கள் முன்வைக்கும் வாதங்களுள் வலியது இது: நாணம் பிறவியில் வருவதன்று, பெரியவர்கள் குழந்தைக்குப் புகட்டுவது. புகட்டாதிருந்தால் குழந்தை தன் உடலை வெறுக்காமல் வளரும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. நட்புக்கு உவமை தேடிய வள்ளுவர், நெகிழும் ஆடையைப் பற்ற யாரும் ஏவாமலே விரையும் கையை எடுத்துக் காட்டினார். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையின் கை அவ்வாறு விரைவதில்லையே! விரையக் கற்றுக்கொள்கிறது. அப்படியாயின் ஆதி பிதா ஆதம் (அலை) அவர்களுக்கும் அன்னை ஹவ்வாவுக்கும் கற்பித்தவர் யார்? விலக்கப்பட்ட மரத்தைச் சுவைத்ததும் அவ்விருவரும் சுவனத்து இலைகளால் தம்மை மறைத்துக்கொள்ள முற்பட்டனர் எனத் திருமறை கூறுகிறது. பழித்துரைக்க அங்கே ஊருமில்லை, அதட்டத் தாயுமில்லை.

இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. பேசும் ஆற்றல் பிறவியிலேயே வருகிறது. தமிழ் பேசுவதா ஜெர்மன் பேசுவதா என்பதை வீடு கற்பிக்கிறது. நாணமும் அத்தகையதே. கற்பிக்கப்பட்டது என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. வாய்மையையும் நாம் கற்பிக்கத்தான் செய்கிறோம்.

அந்தக் கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. அங்கே எழுதப்படாத சட்டங்கள் சில இருக்கின்றன. யாரையும் உற்றுப் பார்க்கலாகாது. புகைப்படம் எடுக்கலாகாது. பொது இருக்கையில் துண்டு விரிக்காமல் அமரலாகாது. ஆக, நாணத்தை அவர்கள் துறந்துவிடவில்லை. துணியில் இருந்ததை எடுத்துக் கண்ணில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. கண்ணில் வைப்பது இழிந்ததும் அன்று. திருமறையின் இருபத்து நான்காம் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் ஆடவருக்குத்தான் கட்டளையிடுகிறது. அதன் பின்னரே பெண்களை நோக்கிப் பேசுகிறது. நம்மவர் பலர் பின்வரும் வசனத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு முன்னதை மறந்துபோனது தனிக் கதை.

ஆயினும் கண்ணை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் இடர் உண்டு. துணி, உடுத்தியவரின் கையில் இருக்கும் காவல். பார்வையோ பிறர் கையில் இருக்கும் காவல். அக்கரையில் ஆயிரம் பேர் கண்ணியமாயிருந்து ஒருவன் தவறினாலும் காவல் உடைந்துவிடுகிறது. ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு கண் பதிக்கப்பட்டிருக்கும் இந்நாளில், அந்த ஒருவனின் பார்வை கரையோடு நிற்பதும் இல்லை. பெரியவர் ஒருவர் இந்த இடரை அறிந்து ஏற்கலாம். பிள்ளையின் பொருட்டுத் தந்தை அதனை ஏற்கலாமா?

ஆடை ஒழிந்தால் உயர்வு தாழ்வு ஒழியும் என்றும் சொல்கிறார்கள். முதலாளியும் தொழிலாளியும் மணலில் ஒன்றாய்ப் படுத்திருக்கையில் எவர் எவரென்று தெரியாதாம். அரபு நாட்டின் அறியாமைக் காலம் இதற்கு வேறொரு விடை தருகிறது. வெளியூரிலிருந்து மக்காவுக்கு வந்தோர், பாவம் செய்த உடையோடு கஃபாவை வலம்வரக் கூடாது என்றெண்ணினர். குறைஷியரிடம் உடை பெற வழியுள்ளோர் உடுத்தினர். வழியற்றோர் வெற்றுடலோடு சுற்றினர். தூய்மையின் பெயரால் வந்த அந்த அம்மணம், செல்வாக்கு உள்ளவர் யார், அற்றவர் யார் என்பதையே ஊரறியக் காட்டிற்று. ஹிஜ்ரி 9இல் (கி.பி. 631) அபூபக்கர் (ரலி) தலைமையில் நடந்த ஹஜ்ஜின்போது, இனி எவரும் ஆடையின்றி வலம்வரலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு முழங்கியது. இன்று மன்னனும் மூட்டை தூக்குபவனும் தையலற்ற இரண்டு துண்டுகளில் தோளோடு தோள் நிற்கிறார்கள். அவர்கள் தேடும் சமத்துவத்துக்கு இரண்டு துண்டுத் துணி தடையாயில்லை. (ஊர் திரும்பியபின் கலியாணப் பந்தலில் நம்மவர் அணியும் பட்டும் ஜரிகையும் வேறு கதை பேசுவதை மறைப்பானேன்?)

இதில் நமக்குப் பெரிதாய்த் தோன்றுவது 'விருப்பம்' என்னும் சொல்தான். உடுத்துவதும் களைவதும் அவரவர் விருப்பம் என்பதே இத்தகைய கரைகள் பலவற்றின் விதி. விருப்பம் மெய்யாயின் அது இருபுறமும் செல்ல வேண்டும். பிரான்சின் லெவாந்த் தீவில் 1930களின் தொடக்கத்திலிருந்து ஆடை துறந்தோருக்கென்றே ஓர் ஊர் உண்டு. அரசு அதற்கு இடமளித்தது. அதே மத்தியதரைக் கடலோரத்தில் 2016ஆம் ஆண்டுக் கோடையில் கான் முதலிய நகரங்கள், உடல் மறைத்து நீராடும் முஸ்லிம் பெண்களைத் தடுத்தன. நீஸ் நகரக் கரையில் காவலர் சூழ நிற்க, ஒரு பெண் மேலாடையைக் களையும் படம் உலகெங்கும் வெளிவந்தது. ஆகஸ்ட் 26 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வில்னோவ்-லூபே நகரின் தடையை நிறுத்தி வைத்து, அடிப்படை உரிமை மீறப்பட்டது என்றது. களைவோர் உரிமையைப் பேசிய எத்தனை பேர் அன்று உடுத்துவோர் உரிமைக்கும் குரல் கொடுத்தனர் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

குடும்பத்துக்குள்ளும் இதே கேள்விதான். பிள்ளை வளர்ந்து, ஒருநாள் துண்டைப் போர்த்திக்கொண்டு அமர்கிறது என்போம். "நம்மிடையே என்ன வெட்கம்?" என்று பெற்றோர் சிரித்தால், விருப்பம் அங்கேயே மடிந்துவிட்டது. திருமறை வீட்டுக்குள்ளும் கதவு வைத்திருக்கிறது: வைகறைக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும், பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே பெரியவர்களின் அறைக்குள் வர வேண்டும். பிள்ளைக்கு இங்கே கேட்கக் கற்பிக்கப்படுகிறது. கேட்கக் கற்ற பிள்ளையே, பிறர் தன்னைக் கேட்காமல் நெருங்குவது தவறென்றும் அறியும்.

அவ்வாறு கேட்கக் கற்ற பெண்பிள்ளை, தலைத்துணியை நீட்டும் வாப்பாவிடம் "ஏன்?" என்றும் ஒருநாள் கேட்கும். ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றையும், ஆடவரின் பார்வைக்கு முதலில் இடப்பட்ட கட்டளையையும் பக்கத்தில் அமர்த்திச் சொல்ல நம் வீடுகளில் எத்தனை வாப்பாக்களுக்கு நேரமிருக்கிறது?