கருவியும் கருத்தாவும்

கை வழங்காத ஒருவன் கையை மூட வேண்டுமென்று முயல்கின்றான். அம்முயற்சியின் குறியை ஓர் இயந்திரம் மூளையிலிருந்து அறிந்து அவன் விரல்களை மூடுவிக்கின்றது. அச்செயல் யாருடையது? அவனதோ, இயந்திரத்தினதோ, அதனைச் செய்தாரதோ? இது வெறுங் கற்பனை வினாவன்று. நம் காலத்தே நிகழ்ந்ததொன்று பற்றி எழுந்தது.

அமெரிக்க நாட்டு ஒகாயோ மாநிலத்தவராகிய இயான் பர்க்கார்ட் என்பவர், 2010-ஆம் ஆண்டில் கடலிற் பாய்ந்து நீராடுங்கால் மணற்றிட்டில் மோதிக் கழுத்து முறிந்தனர். தோளும் முழங்கையும் ஓரளவு அசைந்தன. விரல்களும் கால்களும் அசையாவாயின. மூளைக்குக் கேடில்லை, விரலை இயக்குந் தசையும் இருந்தது, இடைநின்று செய்தி கொண்டுசெல்லும் முள்ளந்தண்டு வடமே பழுதுற்றது. 2014-இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள், மூளையில் அசைவுக்குரிய பகுதியில் 96 மின்முனைகளையுடைய சிறு சில்லொன்றைப் பதித்தனர். பாட்டெல் என்னும் ஆராய்ச்சி நிலையத்தார் முன்கையிற் சுற்றி அணியும் உறையொன்றை அமைத்தனர். அதன்கண் 130 வரை மின்முனைகள் உள. சில்லு மூளையின் மின்குறிகளை வாங்க, கணினி அவற்றைப் பிரித்தறிய, உறை அதற்கேற்ற தசைகளுக்கு மின்னோட்டஞ் செலுத்தும். இங்ஙனம் பழுதுற்ற வடத்தைச் செய்தி சுற்றிக் கடந்தது. நெடிய பயிற்சியின் பின் அவர் குப்பியை எடுத்து அதிலுள்ளதைச் சாடியில் ஊற்றவும், சிறு கோலைப் பற்றிக் கலக்கவும் வல்லராயினர். 2016-இல் 'நேச்சர்' என்னும் ஆங்கில இதழில் இவ்வரலாறு வெளிவந்தது.

இதனைக் கண்டு, "மூளையே நினைக்கின்றது, அதனை இயந்திரம் படித்துவிட்டது, இனி ஆன்மா என்று வேறொன்று வேண்டா" என்பார் உளர். அற்றன்று. சில்லு வாங்கியது மின்குறியேயன்றி இச்சையன்று. இன்ன குறி கையை மூடுதற்குரியது என்பது இயந்திரத்திற்குத் தானே தோன்றவில்லை. திரையிற் காட்டிய கையைக் கண்டு அவர் அவ்வாறே செய்ய முயல, அம்முயற்சியோடு சார்த்தியே அக்குறி இன்னதென்று அதற்குப் பயிற்றப்பட்டது. ஏட்டிலுள்ள வரிவடிவு பொருள் தருவது அறிவுடையான் ஒருவன் அதற்குப் பொருள் வகுத்த பின்னரன்றோ? ஏடு தானே நினைத்தது என்பார் இலர்.

மற்றொரு சாரார், "தன் நரம்பால் நிகழாது கம்பியால் நிகழ்ந்தமையின் அச்செயல் அவனதன்று" என்பர். இவர்க்கு விடை நம் நூலிலேயே உளது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் இவ்வுடம்பையே இயந்திரம் என்னுஞ் சொல்லாற் குறித்தனர். தனுவும் கரணமும் மாயையினின்று ஆன்மாவுக்குக் கூட்டப்பட்டன, இரண்டுஞ் சடம். நரம்பும் சடம், கம்பியும் சடம். கன்மேந்திரியமென்று நாம் எண்ணும் பாணியும் எலும்புந் தசையுமாகிய கையன்று. அதனை இடமாகக் கொண்டு தொழில் செய்யும் சூக்கும சத்தியாம். பர்க்கார்ட்டுக்கு வழி அடைபட்டது; சத்தி கெடவில்லை. கெட்டிருப்பின் எத்துணை மின்முனைகள் இருந்தும் என் பயன்?

இன்னுமொரு செய்தி, யான் இதனைக் கேள்வியுற்ற நாள் முதலாக வியப்பது. அவர் கையிற் படும் பரிசம் அவரால் உணரப்படாதாயினும், மிக மெலிந்த குறியாக மூளையைச் சென்றடைந்தே இருந்தது. 2020-இல் ஆய்வாளர் அதனைப் பிரித்தெடுத்து, உணர்ச்சியுள்ள மேற்கையில் அதிரும் பட்டையொன்றின் வழி அவர்க்கு அறிவித்தனர். பொருள் கையிற் பட்டதும் அவர் அறிந்தார். புலன் வழிச் செய்தி உட்புகுதல் வேறு, அஃது ஆன்மாவால் அறியப்படுதல் வேறு என்று மடத்துத் திண்ணையில் நாங்கள் நாள்தோறும் வாதிட்டதற்கு இதனினுந் தெளிந்த எடுத்துக்காட்டு ஏட்டில் யான் கண்டதில்லை.

அற்றேல், இயந்திரம் குறியைத் தவறாகக் கொண்டு அவன் கருதாதபோது கையை மூடிவிடின்? மூடியது அவன் கையே. ஆயினும் அச்செயல் அவனதன்று. கருதியவாறு மூடின், இடையிற் கணினி நின்றும் அவனதேயாம். ஆகலின் செயலுக்கு உரிமை தசையைப் பற்றியதன்று, இச்சையைப் பற்றியது. "வினைப்பயனாய் வந்த முடத்தை மாற்ற முயலலாமோ" என்று வினவும் நண்பரும் எனக்குளர். அவர் மூக்குக்கண்ணாடி அணிந்துகொண்டே அதனை வினவுகின்றார்!

செயல் அவனதாயின், அதற்குரிய கருவியை அவனிடமிருந்து நீக்குதல் இரவற் பொருளைத் திரும்பப் பெறுதல் போல்வதன்று. பர்க்கார்ட்டின் கருவி ஆய்வுக்கூடத்தில் மட்டுமே பயன்பட்டது. தலையிற் கம்பி பூட்டியே இயக்க வேண்டும். இல்லத்தில் அவர் கை முன்போலவே கிடந்தது. ஏழாண்டு கடந்து, 2021-இல், தலைத்தோலில் நோய்த்தொற்று உண்டாகச் சில்லை எடுத்துவிட நேர்ந்தது. உயிர் காக்க அது வேண்டியதே. எனினும் ஒரு முறை கடலில் இழந்ததை அவர் மறுமுறையும் இழந்தார்.

மண்டையைத் திறவாத முறையும் உண்டு. பக்கவாதத்தாற் கை தளர்ந்தார்க்குத் தலையில் அணியும் கருவி மூளைக்குறியை வாங்க, கையிற் பூட்டிய கருவி விரல்களைத் திறந்து மூடும் பயிற்சிமுறைக்கு அதே 2021-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. அதனைக் கழற்றி வைக்கலாம், மீட்டும் அணியலாம். இழப்பின் அச்சம் குறைவு. சில்லுப் பதித்தலோ அத்தன்மைத்தன்று. ஆய்வுக்குப் பொருள் முடிந்தது, காலம் முடிந்தது என்று சொல்லி அகல்வார்க்கு, தம்மை நம்பி மண்டையைத் திறக்க இசைந்தவன்பாற் கடன் ஒன்றுமில்லையோ? சில்லைப் பேணுதல், பழுதுறின் மாற்றுதல், எடுக்க நேரின் பின்னும் அவன் நலம் நாடுதல் என்னும் இவை தொடக்கத்திலேயே எழுத்திற் பதியத்தக்கன என்பது எம் கருத்து. பர்க்கார்ட் இப்போது, தம்மைப்போல் இச்சோதனைகளுக்குத் தம் உடலைத் தந்தாரை ஒருங்கு கூட்டி ஓர் அவை அமைத்து, கருவி செய்வாரோடு இவை பற்றிப் பேசி வருகின்றனர்.