ஆயத்தம்

என் தமக்கை மகள் பட்டப் படிப்பை முடித்துவிட்டாள். சட்டக் கல்லூரியில் சேருமுன் ஓராண்டு வேண்டுமென்று தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் ஏழு மாதம் போய்விட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்தவள், "மாமா, படிக்கப் படிக்க எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் தெரிகிறது. இன்னும் ஓராண்டு பொறுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

பள்ளி நாளிலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண்களை மனப்பாடம் செய்து எங்களைப் பயமுறுத்தியவள் அவள். 2024 ஜூலை முதல் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்ததும் அந்த எண்களெல்லாம் பழங்கணக்காகிவிட்டன. ஊரே அறிந்த நானூற்றிருபதுகூட இன்று 318. முன்கூட்டிச் சேர்த்துவைத்த அறிவின் கதி இதுதான்!

அவளுக்குக் காந்தியடிகளின் கதையைச் சொன்னேன். 1891 ஜூன் 10-ஆம் தேதி லண்டனில் பாரிஸ்டரானவர், 12-ஆம் தேதி கப்பலேறினார். படித்தது சட்டம், வக்கீல் தொழில் தெரியாதே என்ற திகில் அவர் கூடவே வந்தது. பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பிறகு, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லி, வாங்கிய முப்பது ரூபாயையும் திருப்பித் தந்தார். 1893-இல் தென்னாப்பிரிக்கா போனபோது, கணக்கு வழக்கு நிறைந்த அந்த வழக்கில் 'பி. நோட்டு' என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார்.

என் போன்ற கதைக்காரனின் அறியாமை யாரையும் கெடுப்பதில்லை. என் முதல் நாவலில் நீதிபதி மரச்சுத்தியலைத் தட்டுவார். நம் கோர்ட்டுகளில் அந்த வழக்கமில்லை என்று வாசகர்கள் சிரித்தார்கள், அத்துடன் போயிற்று. வக்கீலின் அறியாமைக்கோ வேறொருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

என் தந்தை கொடுத்தார். வரப்புத் தகராறு ஒன்றில் முன்சீப் கோர்ட்டில் தோற்றோம். அப்பீலுக்கு எத்தனை நாள் கெடு என்று அப்பா கேட்டார். "தொண்ணூறு நாள்" என்று தயங்காமல் சொன்னார் எங்கள் இளம் வக்கீல். உயர்நீதிமன்றத்துக்குத்தான் தொண்ணூறு, நாங்கள் போகவேண்டிய சப் கோர்ட்டுக்கு முப்பது. கெடு தவறியது, தாமதத்தைப் பொறுக்கக் கோரிய மனுவும் தள்ளுபடியாயிற்று. 'பார்த்துச் சொல்கிறேன்' என்ற இரண்டே வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவருக்குத் தெரியாமல் போனதை நான் மன்னித்து வெகுகாலமாகிறது. தெரிந்தவர்போல் சொன்னதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"இந்த ஆண்டே சேர்ந்துவிடு, அம்மா. இப்போது இருக்கிற பயத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போ" என்றேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை.

"அந்த வக்கீலுக்கு அப்போது என்ன வயது, மாமா?"

"இருபத்தைந்து இருக்கும்."

"தாத்தா அவரைத் திட்டினாரா?"

"இல்லை. பீஸில் ஐந்நூறு ரூபாய் பாக்கி இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்."

"அவர் வாங்கிக்கொண்டாரா?"

"வாங்கிக்கொண்டார்" என்றேன்.